கட்டிலுக்கு அடியில இருக்கிற நாய்க்கு என்ன அவசரம்?

போன தடவை வீட்டுப் பிராணிகள் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதுக்கு பாதிக்கு மேல வந்தது ஒரே மாதிரி கேள்விதான், அடிபட்டு உதைபட்ட நாயை வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டோம், இப்ப என்ன பண்றதுன்னு. கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு, அங்கிட்டு செங்கோட்டை வரைக்கும் எழுதியிருக்கீங்க. மேல ஏலத்தோட்டத்துல காவலுக்குன்னு குட்டியிலயே பிடிச்சு கட்டிப்போட்டுடறாங்க, வாட்ச்மேன் வேலையை விட்டு கீழ இறங்குறப்ப நாயை அப்படியே விட்டுட்டு போயிடறாங்க, இது புதுசா நடக்குற கதை இல்ல. அதுல ஒண்ணையாவது ஜீப்புல ஏத்திட்டு வந்து சோறு போடறீங்களே, அதுக்கே உங்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு. சரி, கேள்விக்கு வருவோம்.

கேள்வி: அக்கா, என் தம்பி வண்டன்மேடு பக்கம் எஸ்டேட்ல வேலை பாக்குறான், அங்க சங்கிலியிலயே கிடந்த ஒரு பொட்டை நாயை கொண்டுவந்து விட்டான். வந்து ரெண்டு வாரம் ஆகப்போகுது, கட்டிலுக்கு அடியில போனது போனதுதான். நாங்க இருந்தா சாப்பிடாது, லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் தட்டு காலியாகுது. நான் விளக்கமாறை எடுத்தா அங்கயே ஒண்ணுக்கு போயிடுது. எங்க வீட்டுக்காரர், இழுத்து வெளிய போட்டு ஆளுக நடமாடற இடத்துல கட்டுனா ரெண்டு நாள்ல பழகிடும்ங்கிறார். செய்யலாமா?
— வாசகி, கூடலூர்

பதில்: வேணாம்மா. வீட்டுக்காரர் கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அவர் சொல்ற மாதிரி செஞ்சா ரெண்டு நாள்ல நாய் அசையாம படுத்திருக்கும், அது நிஜம்தான், ஆனா அதுக்கு பேரு பழகுறது இல்ல. 1967-ல அமெரிக்காவுல செலிக்மேன், மேயர்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க, நாய்ங்களுக்கு தப்பிக்கவே வழியில்லாம கரண்ட் ஷாக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் சின்னதா ஒரு தடுப்பை தாண்டுனா தப்பிச்சிடலாம்ங்கிற இடத்துல விட்டாகூட அதுல நிறைய நாய்ங்க தாண்டவே இல்ல, ஷாக்கை வாங்கிக்கிட்டு அப்படியே படுத்துகிச்சுங்க. என்ன பண்ணாலும் பிரயோஜனம் இல்லன்னு மனசு விட்டுப்போன நாய்க்கும் நிம்மதியா இருக்கிற நாய்க்கும் வெளிய இருந்து பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது, ரெண்டும் சத்தம் போடாம படுத்திருக்கும். நடு வீதியில கட்டுனா உங்க நாய் முதல் வகையாத்தான் ஆகும், இல்லாட்டி யாரையாவது கடிச்சு வைக்கும்.

கட்டிலுக்கு அடியில போறது நல்ல விஷயம்னு எடுத்துக்கோங்க. இத்தனை வருஷம் சங்கிலியில கிடந்ததுக்கு ஒளிய ஒரு இடம் கிடைச்சதே இப்பதான். கட்டிலுக்கு மூணு பக்கமும் பழைய வேட்டியை தொங்கவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைங்க, தண்ணியை பக்கத்துலயே வைங்க, உள்ள கைய விடாதீங்க, குனிஞ்சு பாக்காதீங்க, பிள்ளைங்க யாரும் அந்தப் பக்கம் தவழ்ந்து போகக்கூடாது. அது அதோட வீடு, அவ்வளவுதான்.

இனி சாப்பாடு. சாப்பாட்டை வச்சுட்டு ஆளை மறைஞ்சிட்டீங்கன்னா சாப்பாடு நல்லதுன்னு மட்டும்தான் நாய்க்கு தெரியும், அதுல உங்களுக்கு பங்கே இல்ல. அதனால ஒரு நேர சாப்பாட்டை இப்படி மாத்துங்க. உப்பு, காரம், வெங்காயம் எதுவும் சேக்காம வேகவச்ச கோழிக்கறியை எலும்பு இல்லாம சுண்டுவிரல் நகம் அளவுக்கு பிச்சு ஒரு கிண்ணத்துல எடுத்துக்கோங்க. ரூமோட அந்தப் பக்கத்து சுவர்ல சாஞ்சு, நாய்க்கு பக்கவாட்டுல முகத்தை திருப்பி உக்காருங்க, போனை பாருங்க, பூ கட்டுங்க, என்னமோ பண்ணுங்க, அதை மட்டும் பாக்காதீங்க. அப்பப்ப ஒரு துண்டை அது பக்கமா உருட்டி விடுங்க. மொதல்ல நீங்க எந்திரிச்சு போன பிறகுதான் தின்னும், அப்புறம் ஒரு நாள் நீங்க இருக்கும்போதே கழுத்தை மட்டும் நீட்டி எடுக்கும். அப்ப அதோட காலை கவனிங்க, பின்னங்கால் ரெண்டும் பின்னாடியே ஊன்றி இருக்கும், உடம்பு ரப்பர் மாதிரி இழுபடும், முன்பாதி கறிக்கு வருது, பின்பாதி ஓடறதுக்கு தயாரா நிக்குது. அப்படி இழுத்துகிட்டு நிக்கிற வரைக்கும் கைய நீட்டாதீங்க. எல்லாரும் சொதப்புறது இந்த இடத்துலதான், ஆஹா வந்துடுச்சுன்னு தலையில கை வைப்பாங்க, அது இன்னொரு வாரம் உள்ள போயிடும்.

கிட்ட வர ஆரம்பிச்சதும் இன்னொன்னு செய்யுங்க, கறியை உங்க பக்கத்துல போடாம அதுக்கு பின்னாடி போடுங்க. கேக்க கோணலா இருக்கும். ஆனா கறி ஆசையில கிட்ட வந்துட்டு, தின்னு முடிச்சதும் ஐயய்யோ இவ்வளவு பக்கத்துல வந்துட்டோமேன்னு பதறுது பாருங்க, அந்த நிமிஷம்தான் கடி விழுறது. பின்னாடி போட்டா விலகிப் போய் தின்னுட்டு, மறுபடி அதா நெனச்சாத்தான் திரும்பி வரும். யாரும் கூப்பிடாம தானா திரும்பி வர்ற நாய்தான் உங்ககிட்ட பழகுற நாய்.

தொடறது எப்பன்னா, பின்னங்காலும் சேந்து நடந்து வந்து உங்களை மோந்து பாத்துட்டு அங்கயே நிக்கும்போது. தலை மேல இல்ல, நெஞ்சு பக்கம், தாடைக்கு கீழ, ரெண்டு மூணு செகண்ட் தடவிட்டு கைய எடுத்துடுங்க. இன்னும் கொஞ்சம் சாஞ்சா தொடருங்க, முகத்தை திருப்புனா, உதட்டை நக்குனா, கொட்டாவி விட்டா, கண்ணோரத்துல வெள்ளை தெரிஞ்சா போதும்ங்கிதுன்னு அர்த்தம், விட்டுடுங்க.

விளக்கமாறு கதைக்கு ருஷ்யாக்காரர் பாவ்லோவ் வழி சொல்லி வச்சிருக்கார். விளக்கமாறை ரூமோட அந்தக் கோடியில, நாய் கண்ணுக்கு லேசா தெரியற மாதிரி, கீழ படுக்கப் போடுங்க. அது பாத்த உடனே கறி வரணும். விளக்கமாறை எடுத்து மறைச்சிட்டா கறியும் நின்னு போயிடணும். வரிசை முக்கியம்மா, மொதல்ல விளக்கமாறு, அடுத்துதான் கறி, மாத்தி பண்ணுனா கறியைக் கண்டாலே அடி வரப்போகுதுன்னு நினைக்க ஆரம்பிச்சிடும். கறியை திங்கலைன்னா விளக்கமாறு ரொம்ப கிட்ட இருக்குன்னு அர்த்தம், தள்ளி வைங்க. விளக்கமாறைப் பாத்துட்டு உங்க கிண்ணத்தை எட்டிப் பாக்குற நாள் வரும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டுவந்து, நிமித்தி வச்சு, கையில பிடிச்சு, கடைசியா ரெண்டு இழுப்பு கூட்டுங்க. அதுவரைக்கும் நாய் இருக்கிற ரூமை மட்டும் மாப்பு போட்டு துடைச்சுக்கோங்க. ஒண்ணுக்கு போறதுக்கு திட்டாதீங்க, அது வேணும்னு போறதில்ல, பயத்துல தானா போறது, திட்டுனா இன்னும் ஜாஸ்திதான் ஆகும்.

பயப்படறப்ப ஆறுதலா பேசுனா பயம் வளரும்னு சிலர் சொல்வாங்க, அதை நம்பாதீங்க. கிட்ட வந்து ஒட்டிக்கிட்டா அணைச்சுக்கோங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது.

எத்தனை நாள் ஆகும்னு கேப்பீங்க. மூணு நாள் மூணு வாரம் மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, மூணு நாள்ல திகைப்பு குறையும், மூணு வாரத்துல வீட்டு வழக்கம் பிடிபடும், மூணு மாசத்துல நம்ம வீடுன்னு தோணும்னு. சும்மா குத்துமதிப்புக்கு சரி, சங்கிலியிலயே வளர்ந்ததுக்கு அதைவிட ஜாஸ்தியாவே ஆகும், காலண்டரை பாத்துட்டு உக்காராதீங்க.

கேள்வி: கழுத்துல சங்கிலி பதிஞ்சு புண்ணாகி புழு வச்சிருக்கு. மண்ணெண்ணெய் ஊத்தலாம்ங்கிறாங்க.
— வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: மண்ணெண்ணெய், பினாயில் ரெண்டும் கிட்டயே வரக்கூடாது, சதை வெந்துபோகும், நக்குனா வயித்துக்குள்ளயும் போயிடும். சங்கிலி சதைக்குள்ள போயிருந்தா நீங்களா இழுக்காதீங்க, மயக்க ஊசி போட்டு டாக்டர்தான் எடுக்கணும். அப்படியே உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க, தோட்டத்து நாய்ல அது சாதாரணமா இருக்கும், சோந்து படுத்திருக்கிறதை நாம பயம்னு நினைச்சுகிட்டு இருப்போம். ரொம்ப எலும்பா இருந்தா ஒரே நாள்ல வயிறு முட்ட போடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு தடவையா பிரிச்சு குடுங்க, பட்டினி கிடந்த உடம்பு திடீர்னு வர்ற சாப்பாட்டை தாங்காது. கொண்டுபோக வண்டி கிடைக்கலைன்னா 1962-க்கு போன் பண்ணி பாருங்க, கால்நடை ஆம்புலன்ஸ், தமிழ்நாடு, கேரளா ரெண்டு மாநிலத்துலயும் அதே நம்பர்தான். பெரும்பாலும் மாடு ஆட்டுக்குத்தான் வரும், இருந்தாலும் கேட்டுப் பாக்குறதுல தப்பில்ல.

கேள்வி: தட்டு பக்கத்துல போனா உறுமுது. இப்பவே ரெண்டு போட்டாத்தானே அடங்கும்?
— வாசகர், கம்பம்

பதில்: அண்ணே, ரெண்டு போட்டு போட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கு. உறுமல் உங்களுக்கு அது குடுக்கிற நோட்டீஸ். அடிச்சு அடிச்சு உறுமலை நிறுத்திட்டீங்கன்னா பயம் போகாது, நோட்டீஸ் மட்டும்தான் போகும், அடுத்த தடவை சத்தமே இல்லாம கடிக்கும், அப்புறம் சொல்லாம கொள்ளாம கடிச்சிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்வீங்க. அது திங்கும்போது நாலடி தள்ளி நின்னு, தட்டுல இருக்கிறதை விட ருசியான ஒண்ணை எறிஞ்சிட்டு போய்க்கிட்டே இருங்க. உங்க காலடிச் சத்தம் கேட்டா முட்டை வருதுன்னு ஆகணும். சின்னப் பிள்ளைங்க வீட்ல இருந்தா இந்த பயிற்சியெல்லாம் அப்புறம், மொதல்ல கதவை சாத்தி தனியா சாப்பாடு போடுங்க.

கேள்வி: அக்கா, காப்பாத்தப் போன இடத்துலயே என் கையில பல்லு பட்டுடுச்சு, லேசாத்தான் ரத்தம் வந்துச்சு. நாய் நல்லாத்தான் இருக்கு. பத்து நாள் பாத்துட்டு ஊசி போட்டுக்கலாம்னு சொல்றாங்க.
— வாசகர், செங்கோட்டை

பதில்: இதைப் படிக்கிற நிமிஷமே கெளம்பி ஆஸ்பத்திரிக்கு போங்க தம்பி. பத்து நாள் பாக்குறது நாயை, உங்க ஊசியை தள்ளிப்போட இல்ல. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அப்புறம் மருந்து கிடையாது. யாருக்கு கடிபட்டாலும் குழாயை திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. தோல்ல போடற ஊசின்னா 0, 3, 7, 28-வது நாள், சதையில போடறதுன்னா 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த கடிக்கு காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு ஊசியும் உண்டு, அதை நீங்களா கேட்டு போட்டுக்கோங்க. இந்த வேலையில இறங்குறவங்க கடிபடறதுக்கு முன்னாடியே போட்டுக்கிற தடுப்பூசியும் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, தண்ணி முழுங்க முடியாம தவிக்கிற நாயை மட்டும் எவ்வளவு பாவமா இருந்தாலும் தொடாதீங்க.

கேள்வி: வீட்டுக்குள்ள நல்லா பழகிடுச்சு, ரோட்டுக்கு கூட்டிப்போகலாமா?
— வாசகி, குமுளி

பதில்: போகலாம், ஆனா கழுத்துப்பட்டையை மட்டும் நம்பி போகாதீங்க. நம்ம நாட்டு நாய்க்கு தலை ஒடுக்கம், கழுத்து பருமன். ட்ரிப் ஜீப்பு ஒண்ணு ஹார்ன் அடிச்சா அது முன்னாடி ஓடாது, உங்களைப் பாத்துகிட்டே பின்னாடி இழுக்கும், காது ரெண்டும் தலையோட ஒட்டும், பட்டை வழுக்கி உங்க கையோட வந்துடும், நாய் செக்போஸ்ட் தாண்டி காட்டுக்குள்ள போயிடும். புது நாய் தொலையறது பெரும்பாலும் வந்த கொஞ்ச நாளைக்குள்ளதான். நெஞ்சுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு முன்னாடி ஒரு பட்டைன்னு வர்ற ஹார்னஸ் வாங்குங்க, கயிறை அதுலயும் கழுத்துப்பட்டையிலயும் ரெண்டுலயும் மாட்டுங்க, உங்க போன் நம்பரை பட்டையில எழுதி விடுங்க. விடியக்காலம், ஜீப்பு கெளம்பறதுக்கு முன்னாடி, ஒரே தெரு, ஒரே வழி. சித்ரா பௌர்ணமி அன்னிக்கு கண்ணகி கோயிலுக்கு ஜீப்பு வரிசை கட்டி போகும்போது வெளியவே எடுக்காதீங்க. நடக்க மாட்டேன்னு உக்காந்துட்டா இழுக்காதீங்க, திரும்பி வந்துடுங்க.

நீங்க கேரளா பக்கம் இருக்கிறதால ஒரு ஓரப்பேச்சு, அங்க நாய் வளர்க்க பஞ்சாயத்து லைசென்ஸ் வேணும், அதுக்கு ரேபிஸ் ஊசி போட்ட சர்டிபிகேட் வேணும், அதை வாங்கிடுங்க. நாயை ஏதாவது சொல்றதுக்குன்னே காத்துகிட்டு இருக்கிற அக்கம்பக்கத்து ஆளுக்கு அந்தக் காகிதமே பதில்.

கேள்வி: கோம்பை நாய்னு சொல்லி குடுத்தாங்க, வீரமா இருக்கும்னு பாத்தா சருகு அசைஞ்சாலே நடுங்குது. ஏமாத்திட்டாங்களா?
— வாசகர், உத்தமபாளையம்

பதில்: ஜாதி நாய்க்கும் இதுக்கும் பெரிய சம்பந்தமில்ல தம்பி. நாய்க்குட்டிக்கு மூணாவது வாரத்துல இருந்து சுமாரா பதினாலாவது வாரம் வரைக்கும்தான் உலகத்துல எதெல்லாம் சாதாரணம்னு மனசுல பதியற காலம். அந்த நேரத்துல ஆளுக, வண்டி, பிள்ளைங்க, பாத்திரச் சத்தம் எதுவும் பாக்காம ஒரு ஷெட்டுல கிடந்திருந்தா கோம்பையும் நடுங்கும், ராஜபாளையமும் நடுங்கும், சிப்பிப்பாறையும் நடுங்கும். அதுக்கு மேல அடியும் வாங்கியிருந்தா சொல்லவே வேணாம். வீரத்தை எதிர்பாக்காம மேல கூடலூர் அம்மாவுக்கு எழுதுன பதிலை படிங்க.

கேள்வி: பன்னியை விரட்ட தோட்டத்துல ராத்திரி வெடி போடறாங்க, சித்திரையில வீரபாண்டி திருவிழா சத்தம் வேற, தீபாவளி வேற. எங்க பய சுவத்தை பிராண்டி நகம் பேந்து ரத்தம். தூக்க மாத்திரை குடுக்கலாமா?
— வாசகி, லோயர் கேம்ப்

பதில்: உங்க மாத்திரை டப்பாவுல இருந்து எதையும் குடுக்காதீங்க. ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷம், பாராசிட்டமாலும் டாக்டர் சொல்லாம கூடாது. ஆனா நகம் பேயற அளவு பயத்துக்கு மருந்து குடுக்கிறது தப்பில்ல, அதை ஒரு தோல்வியா நினைக்காதீங்க. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே குடுக்கிற மாத்திரை இருக்கு, தினமும் குடுக்கிற மருந்தும் இருக்கு, ஃப்ளுவாக்சிடின் மாதிரி, அது வேலை செய்யவே நாலு ஆறு வாரம் ஆகும், அதனால தீபாவளிக்கு முந்தின நாள் போய் நிக்காம புரட்டாசியிலயே டாக்டரை பாருங்க. உடம்பை மட்டும் அசையவிடாம பண்ற மயக்க மருந்து தனியா வேணாம்னு சொல்லுங்க, உடம்பு கிடக்கும், உள்ள பயம் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கும். வெடி அன்னிக்கு வெளிச்சம் இருக்கும்போதே வெளிய கூட்டிப்போய் முடிச்சிட்டு, ஜன்னல் கம்மியா இருக்கிற உள் ரூம்ல ஃபேனை வேகமா விட்டு, டிவியை போட்டு, யாராவது ஒருத்தர் கூடவே இருங்க.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துல ஒரு நாயை ரெண்டடி சங்கிலியில கட்டிவச்சு அடிக்கிறாங்க. சட்டம் ஏதும் இருக்கா?
— பெயர் வேண்டாம், கம்பமெட்டு

பதில்: இருக்கு. 1960-ல வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவுல அடிக்கிறது மட்டுமில்ல, குட்டைச் சங்கிலியில, கனமான சங்கிலியில ரொம்ப நேரம் கட்டிவைக்கிறது, எப்பவும் கட்டிப்போட்ட நாயை நடக்க வைக்காம விடறது, சோறு தண்ணியில்லாம தவிக்கிற மாதிரி கைவிட்டுட்டு போறது எல்லாமே குத்தம். அபராதம்தான் சிரிப்பு வரும், முதல் தடவைக்கு 10 ரூபாயில இருந்து 50 ரூபாய், போட்டப்ப போட்டது அப்படியே நிக்குது. ஆனா ஊனமாக்குறது, விஷம் வைக்கிறது, கொல்றதுன்னு போனா பழைய இ.பி.கோ.வுக்கு பதிலா 2024 ஜூலையில இருந்து நடப்புல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவு வரும், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். போனுல வீடியோ, தேதி, இடம் எடுத்து வச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை சண்டை இல்லாம, நாயை எங்களுக்கு குடுத்துடுங்கண்ணேன்னு கேட்டுப் பாருங்க, என் அனுபவத்துல பாதி பேரு சனியன் விட்டுச்சுன்னு குடுத்துடுவாங்க, கேஸை விட அது சீக்கிரம்.

கேள்வி: ஆறு மாசமாச்சு அக்கா. எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் உசுரா இருக்கு, விருந்தாளி வந்தா இன்னும் பாத்ரூம்ல போய் ஒளியுது. நாங்க தோத்துட்டோமா, வேற யாருக்காவது குடுத்துடலாமா?
— வாசகி, போடி

பதில்: ரெண்டு பேர்கிட்ட உசுரா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. சில நாய் கடைசி வரைக்கும் கல்யாண வீட்டுக்கு வராது, அதுக்கு விருந்தாளி தேவையும் இல்ல. விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே பின் ரூம்ல ஒரு மெல்லற எலும்பு பொம்மையோட விட்டு கதவை சாத்துங்க, வந்தவங்க கிட்ட நாயைக் காட்ட வேணாம். பயமில்லாத, சாந்தமான இன்னொரு நாய் தெருவுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ இருந்தா கூட நடக்க விடுங்க, மனுஷங்க கிட்ட கத்துக்காததை இந்த மாதிரி நாய்ங்க இன்னொரு நாயைப் பாத்து கத்துக்கும். நிஜமாவே முடியலைன்னா குடுங்க, அதுல அவமானம் ஒண்ணுமில்ல, ஆனா வாங்குற வீட்டை நேர்ல போய் பாத்துட்டு, என்னென்னத்துக்கு பயப்படும்னு ஒளிக்காம சொல்லிட்டு, ஊசி கார்டோட குடுங்க. தோட்டக் காவலுக்குன்னு கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் வேணாம், திரும்ப சங்கிலிக்குத்தான் போகும்.

கேள்வி: வந்த அன்னிக்கே குளிப்பாட்டலாமா, நாத்தம் தாங்கல.
— வாசகர், புளியரை

பதில்: நாத்தத்தை ஒரு வாரம் தாங்குங்க. ஈரத்துணியால அது விடற அளவுக்கு துடைங்க, படுக்கைச் சாக்கை மாத்துங்க. உண்ணிக்கு டாக்டர் சொல்ற மாத்திரையே போதும், தண்ணி ஊத்தி பிடிச்சு அமுக்க வேண்டிய அவசியம் இல்ல.